கூலி உயர்வுக்காக அப்பா எழுந்து நின்ற நாள்

இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலருக்கு அப்பாவின் மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு. அது தெரிந்தே, அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது காரியாபட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். மழை பொய்த்த வருடங்களில் நிலத்தை விட்டுவிட்டு, தம் அண்ணனுடன் சிவகாசிக்கு வந்தார்கள். பெரியப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் தொழில் பழகி, திருத்தங்கல்லில் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். முதல் போட்டுக் கொடுத்ததும் பெரியப்பாதான்.

ஒரு தீபாவளி சீசனில், குழாயில் வெடிமருந்து அடைக்கும் அறையில் மருந்து உரசித் தீப்பிடித்தது. அப்பா உள்ளே ஓடி, மாரியம்மாள் என்ற தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். அந்த அம்மாளுக்கு வலது கை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது இதுதான்: "மொதலாளி, என் எடத்துல வேற ஆளப் போட்டுராதீக. பிள்ளைகள வச்சிருக்கேன்."

"ஏம்மா, எதுக்கு அம்புட்டு அவசரமா அடைச்ச?"

"மெதுவா அடைச்சா ஒல வைக்க முடியுமா, மொதலாளி?"

அப்பா அன்று சாப்பிடவில்லை. கொடுப்பது எண்ணிக்கைக்குக் கூலி, அதுவும் குறைவு. வயிறு நிறைய வேண்டுமானால் கை பறக்க வேண்டும். கை பறந்தால் மருந்து உரசும். இதையே அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பின்னர், குறைந்தபட்சக் கூலியைக் கணிசமாக உயர்த்தலாமா என்று விசாரிக்க அரசாங்கக் குழு ஒன்று விருதுநகர் வந்தது. வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்வதென முதலாளிகள் பேசி வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"தம்பி, நீ ஒண்ணுஞ் சொல்ல வேணாம். சும்மா உக்காந்திரு, போதும்."

அப்பா அவர்களை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தார்கள்.

கூட்டத்தில் பெரியப்பா பேசினார்கள். "கூலியக் கூட்டுனா சின்னக் கம்பெனியெல்லாம் மூடிரும். இந்தப் பொம்பளைகளுக்கு உள்ள வேலையும் போயிரும்." எல்லோரும் கைதட்டினார்கள். வேறு கருத்து உண்டா என்று குழுத் தலைவர் கேட்டதும் அப்பா எழுந்தார்கள்.

"சின்னக் கம்பெனிக்காரன் நாந்தான்யா. எங்கண்ணன் பொய் சொல்லல. ஆனா ஆளப் பொசுக்கித்தான் நடத்தணும்னா, என் கம்பெனி மூடட்டும். கூலிய நல்லாக் கூட்டுங்க."

யாரும் கைதட்டவில்லை. வெளியே வந்ததும் பெரியப்பா, "இனி உன் லோடு என் லாரியில ஏறாது" என்றார்கள்.

ஏறவில்லை. ஆர்டர்கள் நின்றன. மருந்து கடனுக்குக் கிடைக்கவில்லை. அரசு அறிவித்த உயர்வு சொற்பம். அப்பா அதற்கு மேலே கொடுத்து, மருந்து அறைக்கு நாள் கூலியாக்கினார்கள். கட்டுப்படியாகாமல் பாதிப் பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தப்பட்ட பெண் ஒருவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்.

"எங்கண்ணன் சொன்னதும் நடந்துருச்சேலே" என்று அப்பா என்னிடம் கலங்கினார்கள். ஆனாலும் கூலியைக் குறைக்கவில்லை. அம்மாவின் நகைகள் போயின. மதுரை வியாபாரிகள் சரக்கு எடுக்கத் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது. அப்பா இருந்தவரை மருந்து அறையில் மறுபடி தீப்பிடிக்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு நின்றபின் பெரியப்பா வந்தார்கள். கட்டிலருகே அமர்ந்து, "ஏலே, எங்கூடப் பேசுலே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சிகிச்சை செய்த மருத்துவருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த பெரியப்பாவுக்கும், உற்றார் உறவினருக்கும் எங்கள் நன்றி. அப்பாவை எடுத்த அன்று சீசன் மும்முரம். வேறு கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்களும் வேலைக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது என்றால் என்னவென்று அறிந்த குடும்பம் இது. அவர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.