திட்டாத முதலாளி

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. இதுவரை என்னை ஒருவரும் திட்டவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம். அதில் ஏழே பேர் வேலை செய்யும் ஷூ பட்டறை. வந்த புதிதில் தோல் இழுபடும் திசையைப் பேட்டர்ன் அட்டையில் மாற்றிக் குறித்துவிட்டேன். வெட்டிய துண்டுகள் அத்தனையும் வீண். நானே போய்ச் சொன்னேன். முதலாளி கிரஹாம் (அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ‘சார்’ என்றால் நெளிவார்) துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை செல்வி, யாருக்கும் நடப்பதுதான்” என்றார். பிறகு எனக்கும் சேர்த்து டீ போட்டார். திட்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே அதைக் குடித்தேன்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமுக்குப் பாஷா பாய்தான் பொறுப்பு. இதே தப்பை அங்கே செய்திருந்தால் அவர் குரல் கம்பெனி வாசலுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்டிருக்கும். வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. “இன்னாம்மா, அங்க ஜாஸ்தி குடுக்குறானா? நான் உன்ன உட்ற மாட்டேன். பேஜார் பண்ணாம போய் வேலையப் பாரு” என்று கத்தினார். அடுத்த மாதமே சம்பளம் ஏறியது. நம் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டே பழகியவளுக்கு வேறு பாஷை எப்படிப் புரியும்?

இளம் தொழில்முறையாளர்களுக்கு இரண்டு வருட விசா என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் என் கணவர் குமரன். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். வெளிநாட்டு அனுபவத்தோடு திரும்பினால் பெரிய வேலை நிச்சயம் என்பது அவர் நம்பிக்கை. குலுக்கலில்தான் ஆள் எடுப்பார்கள், முப்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அவர் அந்த வயதைத் தாண்டிவிட்டார். என் பெயரைப் போட்டோம், விழுந்தது. “ரெண்டு வருஷம் இன்னா, கண்ண மூடித் தொறந்தா போய்டும்” என்று விமான நிலையத்தில் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உள்ளே போயிருக்க மாட்டேன்.

இந்த விசாவை நீட்டிக்க முடியாது. பட்டறையே பொறுப்பேற்று வேறு விசா எடுத்துத் தந்தால் நான் தங்கலாம், குமரனும் வரலாம். குளிர் விட்டதும் கிரஹாமிடம் கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்து, “உன்னை இழக்க நேர்ந்தால் எங்களுக்கு ரொம்பவும் வருத்தமாக இருக்கும் செல்வி. என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன்” என்றார். என் காதில் விழுந்தது பாஷா பாயின் ‘உட்ற மாட்டேன்’. அன்று மாலையே ஊருக்குப் போன் போட்டேன்.

“வேல ஆய்டுச்சிங்க. என்ன உட மாட்டாங்க. நீங்க கெளம்புற வழியப் பாருங்க.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“அவரு மொகத்தப் பாத்தா உங்களுக்கே தெரியும்” என்று எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில்தான் குமரனைப் புது யூனிட்டுக்கு இன்சார்ஜாகப் போகச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். நோட்டீஸ் காலம் நீளம் என்பதால் உடனே ராஜினாமாவும் கொடுத்தார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை நாட்றம்பள்ளியில் தன் அப்பா அம்மா வீட்டில் போட்டார். எல்லாம் என் ஒரு போன் பேச்சை நம்பி.

போன மாதம் கிரஹாம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இவ்வளவு சின்னப் பட்டறைக்கு அந்த விசாவின் செலவு கட்டாது, கணக்கர் வேண்டாம் என்கிறார், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். அதே முகம், நெஞ்சில் அதே கை. வருத்தப்படுவேன் என்று முன்பே சொன்னார், சொன்னபடி வருத்தப்பட்டார். அந்த மனிதர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் ஆத்திரமாக வந்தது. வெள்ளிக்கிழமை என்னை வழியனுப்பக் கேக் வெட்டினார்கள், எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள்.

குமரனிடம் சொன்னபோது கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். சாம்பாரில் உப்பு கம்மி என்றாலே சண்டைக்கு வருகிற மனிதர்.

“சரி செல்வி. பரவால்ல. நல்லபடியா வந்து சேரு.”

“ஏதாவது திட்டுங்க.”

“திட்டி இன்னா ஆவப்போது?” என்றார், அவ்வளவு மரியாதையாக. எனக்குப் பயமாக இருந்தது. அவர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். ஆம்பூர் வீட்டுக்கும் வேறு குடும்பம் வந்துவிட்டது.

நேற்று வீட்டுக்காரம்மா என் அறையைக் காட்ட ஒரு பெண்ணை அழைத்து வந்தார். புனேக்காரி, என்னுடையதைப் போல இரண்டு வருட விசா, முகம் முழுக்கச் சந்தோஷம். சுவரில் சாய்ந்து வழிவிட்டு நின்றேன். இங்கே வெயில் வருமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நன்றாக வரும். காலையில் சமையற்கட்டு ஜன்னல் வழியாக அடுப்புவரைக்கும் வரும்” என்றேன்.

அவள் கட்டிலைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் திறக்கும் ஒற்றை ஜன்னலையும் பார்த்தாள். “சமையற்கட்டு எங்கே?” என்றாள்.

வீட்டுக்காரம்மாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்ன ஜன்னல் ஆம்பூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே இப்போது வேறு யாரோ சமைக்கிறார்கள்.