ஆரணித் தெருவில் ஒரு கடல் சட்டம்

கலங்கரை விளக்கம், துறைமுகம், பழைய போர்க்கப்பல் என்றே எழுதிக்கொண்டிருப்பவன் ஆரணிக்கு எதற்குப் போனான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அங்கிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆனால் போன ஜனவரியில் அங்கே ஒரு கல்லூரியில் கடல் பாதுகாப்பு பற்றி மாதிரி மாநாடு நடத்தினார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். மூன்று நடுவர்களில் நான் ஒருவன். முதலிடம் பெறுபவருக்கு விசாகப்பட்டினத்தில் நடக்கும் இறுதிச் சுற்றில் இடம் உண்டு. ஒரே ஒரு இடம்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் பக்கத்துத் தேசூர்க்காரன். எங்கள் வீட்டுக்கு ஒரு காணி நிலம் கிடையாது. அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருஷம் கப்பலில் இருந்தவன் நான். சொந்தப் பக்கத்தில் மேடை ஏறுவதென்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? மீசையை முறுக்கிக்கொண்டுதான் கிளம்பினேன், ஒளிக்கவில்லை.

சனிக்கிழமை காலை 4.15க்குத் தாம்பரத்தில் வண்டியை எடுத்தேன். வாலாஜாபாத், காஞ்சிபுரம், செய்யாறு வழி. செய்யாற்றில் காபி பதினைந்து ரூபாய், குடிக்கலாம் ரகம். 6.50க்கு ஆரணிக்குள் நுழைந்தபோது மீட்டரில் 126 கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கிறது. ஊருக்குள்தான் கைபேசி வரைபடத்தை நம்பிக் கெட்டேன். விடுதிக்குக் குறுக்கு வழி என்று அது ஒரு நெசவாளர் தெருவுக்குள் என்னை விட்டுவிட்டது.

தெரு நடுவே அறுபது அடி நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் பட்டு நூல் நீட்டியிருந்தது. சேலையில் நீளவாக்கில் ஓடும் நூல், பாவு என்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அதைத் தெருவில் நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து, சுருட்டிவிட வேண்டும். இருபுறமும் ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். நான் இரண்டு முறை ஆரன் அடித்தேன்.

"இன்னா சார், ஆரன் அடிச்சா நூலு நகருமா?" என்று ஒரு பெண் நிமிர்ந்தாள். இருபது வயது இருக்கும்.

"பொதுத் தெரும்மா இது. அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் பிடிங்க, போயிடறேன்."

"பொதுத் தெருதான் சார், யாரு இல்லன்னது? சைக்கிள், பைக்கு எல்லாம் ஓரமா போய்கினுதானே இருக்கு? உங்க வண்டிதான் அகலம். எட்டு மணிக்கு நூலு இருக்காது."

"உங்க வீட்டுப் பாவா?"

"இல்ல சார், மூணாவது வீட்டுது. நேத்தே தெருவுல சொல்லிட்டாங்க. வீட்டுக்கு ஒருத்தர் வந்து நிக்கணும். எனக்கும் பத்து மணிக்குப் போட்டி இருக்கு, நானே நின்னுகினு இருக்கேன். பேஜார் பண்ணாம ரிவர்ஸ் எடுங்க, புண்ணியமா போவும்."

முறுக்கிய மீசையோடு இருநூறு அடி பின்னால் எடுத்தேன். வழியெல்லாம் முனகிக்கொண்டேதான் போனேன். அவள் சொன்ன போட்டி எதுவென்று அப்போது உறைக்கவே இல்லை.

பத்து மணிக்கு அரங்கில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே அதே பெண்! கோமதி என்று பெயர்ப்பலகை. அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு. அடுத்த வருஷம் போட்டிக்கு வர முடியாது. மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள், ஒரு நொடி உதட்டைக் கடித்தாள், குறிப்பைப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

மாநாட்டில் நிஜ நாடுகளின் பெயர் இல்லை. வடநாடு, கீழ்நாடு என்று பெரிய கடற்படை உள்ள இரண்டு நாடுகள், நடுத்தரமாக மூன்று, கோமதிக்கு இரண்டே ரோந்துப் படகு வைத்திருக்கும் ஒரு சின்னத் தீவு. வடநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் தீவின் கடலில் அடித்தளத்தை அளக்க வருகிறது. அனுமதித்தால் என் போர்க்கப்பலும் வரும் என்கிறது கீழ்நாடு. யார் யாரென்று நமக்குத் தெரியாதா என்ன!

வடநாடாக உட்கார்ந்தவன் வேலூர்ப் பக்கத்து மாணவன், கோட்டு சூட்டு, வெண்ணெய் போன்ற பேச்சு. "கடல் எல்லோருக்கும் பொது. எங்கள் கப்பலை நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை" என்றான். அடப்பாவி, காலையில் நான் பேசிய அதே வசனம்!

கோமதி எழுந்தாள். "கடந்து போறதுக்கு உரிமை இருக்கு, யாரும் தடுக்கல. நின்னு அளக்கறது வேற. கரையிலிருந்து இருநூறு கடல் மைலுக்குள்ள ஆராய்ச்சி பண்ண கரை நாட்டோட சம்மதம் வேணும், கடல் சட்டம் அப்படித்தான் சொல்லுது. எங்க தெருவுலயும் அதான் நடக்குது. இன்னைக்குக் காலையில ஒரு கார்க்காரர் பொதுத் தெருதானேன்னு ஆரன் அடிச்சாரு. பொதுன்னா பெரிய வண்டிக்கு மட்டும் பொதுவா?"

அரங்கம் சிரித்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மரியாதைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் தீர்மானத்தை எடுத்து வைத்தாள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும். மற்றக் கப்பல்களுக்கு வழி விட வேண்டும். அளக்கும் கப்பலில் நாட்டுக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும். அளந்தது முதலில் தீவுக்குத் தெரிய வேண்டும். சொன்ன தேதியில் கிளம்பிவிட வேண்டும். நடுத்தர நாடுகள் மூன்றும் உடனே கையெழுத்திட்டன. நாட்டுக்கு ஒருவர் என்றதும் கீழ்நாடும் போர்க்கப்பல் பேச்சை விட்டுவிட்டுக் கையெழுத்திட்டது. கடைசியில் வடநாடும். எனக்குக் கைதட்டக் கை துறுதுறுத்தது, நடுவர் தட்டக்கூடாதாம்.

மதிப்பெண் கூட்டும் அறையில்தான் சிக்கல். நான் அவளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டிருந்தேன். சந்தேகமில்லாமல் அவளுக்குத் தகும். ஆனாலும் மனசு உறுத்தியது. மற்ற இருவரிடமும், "அந்தக் கார்க்காரன் நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியை ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருவர் முகம் மாறாமல், "அப்படியானால் உங்கள் மதிப்பெண்ணைச் சேர்க்கக் கூடாது" என்றார். அவர் வடநாட்டுப் பையனின் பேச்சில் சொக்கிப்போயிருந்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே, என் யோக்கியத்தனத்தால் அந்தப் பெண்ணின் இடம் போய்விடுமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் மதிப்பெண்ணை நீக்கிவிட்டு மறுபடி கூட்டுவதற்குள் என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் உங்களுக்காகச் சேகரித்தவை: பேருந்து நிலையம் பக்கம் சைவச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய், ரசம் அருமை, நான்தான் ரசித்துச் சாப்பிடும் நிலையில் இல்லை. ரயிலில் வருபவர்கள் கவனியுங்கள், 'ஆரணி ரோடு' நிலையம் ஊருக்குள் இல்லை. களம்பூரில் இருக்கிறது, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். நேரமிருந்தால் திருமலை சமணக் கோயிலுக்கு ஒரு நடை போகலாம். நெசவுத் தெருவைப் பார்க்க விரும்பினால் காலை ஏழு மணிக்கு நடந்து போங்கள். காரை வெளியிலேயே விடுங்கள், சொல்லிவிட்டேன்.

மூன்றரைக்கு முடிவு வந்தது. என் மதிப்பெண் இல்லாமலே கோமதி முதலிடம். ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். இந்த முறை யாரைக் கேட்பது, எழுந்து நின்று தட்டினேன். எங்கள் மண்ணுப் பொண்ணு என்று பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் முதல் முறையே தலையாட்டிவிட்டார்.

விசாகப்பட்டினத்துக்கு அனுப்பும் படிவத்தில் எந்த நாடு வேண்டும் என்று வெற்றி பெற்றவரே தேர்ந்தெடுக்கலாம். அதை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. "காலையில நடந்ததை மனசுல வெச்சுக்காதம்மா" என்றேன்.

"ஐய, நீங்கதான் ரிவர்ஸ் எடுத்துட்டீங்களே சார்" என்று சிரித்தாள்.

எனக்கு உடனே அறிவுரை பொங்கிவிட்டது. "இந்தத் தடவை பெரிய நாடா எடும்மா. பின்னாடி நாப்பது கப்பல் நின்னா பேச்சுக்குத் தனி பலம். நான் பதினஞ்சு வருஷம் பார்த்தவன் சொல்றேன்."

கோமதி படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நாப்பது கப்பல் இருந்தா அதுவே பேசிக்கும், நான் எதுக்கு சார்? எனக்குத் தீவையே எழுதுங்க."

எழுதினேன்.