பன்னிரண்டு கதவும் ஒரு வாளிச் சுண்ணாம்பும்

சுண்ணாம்பு அடிக்கிறவனுக்கு ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய உரிமை உண்டு. உட்காரத்தான் எங்கேயும் இடம் கிடையாது, ஏனென்றால் அன்றைக்குத்தான் சாமானெல்லாம் முற்றத்தில் கிடக்கும்.

இலங்கை மலைநாட்டில் ரயில் பாதை பண்டாரவளையோடு நின்று, பதுளைக்கு இன்னும் வராத காலம். நானும் என் கூட்டாளி சவரிமுத்துவும் பதுளையிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அப்புத்தளை வரைக்கும் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போவோம். நோய் பரவாமல் இருக்க வருடத்துக்கு ஒரு தடவை லயங்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பது துரைமாரின் உத்தரவு. லயம் என்றால் ஒரு நீளமான தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில இடத்தில் இரண்டு. எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கதவு. நீங்களும் இப்படி ஒரே அச்சில் வார்த்த வீட்டு வரிசையில் குடியிருந்து, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து அசடு வழிந்தவராக இருந்தால், நாம் சொந்தக்காரர்கள். மேலே படியுங்கள்.

தப்புக் கதவு

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். நடுப்பகலில் மூடுபனி இறங்கிவிட்டது. தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய்த் திரும்பினால், சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எந்தக் காம்பராவில் வைத்தேன் என்பது தெரியவில்லை. சவரிமுத்து எங்கேயோ பாடுகிறான். பனிக்குள் அது எல்லாக் கதவிலிருந்தும் வருகிற மாதிரி இருக்கிறது. சரி என்று ஒரு கதவைத் தட்டினேன்.

தட்டி முடிப்பதற்குள் திறந்துகொண்டது. ஒரு பெண் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கிப்போனது. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. முத்தம்மா என்று பேர். அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, அவள் தம்பி புறப்பட்டுவிட்டதாக அங்கிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்களாம். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. லயத்து ஆட்கள் கதவைத் தட்ட மாட்டார்கள், வெளியே நின்று கூப்பிடுவார்கள். தட்டினால் அது வெளியாள். அதனால்தான் ஓடி வந்திருக்கிறாள். எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. தெரியாமல் தட்டிவிட்டேன், மன்னித்துக்கொள் தாயி என்றேன். அவள் என் மட்டை இருந்த கதவைக் கை காட்டிவிட்டுச் சொன்னாள்:

“மன்னிப்பெல்லாம் எதுக்கு அண்ணே? ஆளே தெரியாத நீங்க இந்தப் பனியில என் கதவுக்கு வந்து சேந்துட்டீங்க. என் தம்பி வந்து சேர மாட்டானா?”

கொஞ்சம் கூடுதலாக நீலம்

வெள்ளை பளிச்சென்று தெரிய, சுண்ணாம்பில் துளி நீலம் கலப்போம். பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கருப்பையா என்ற இளைஞன் என்னைத் தனியே கூப்பிட்டு, அவன் காம்பராவுக்கு மட்டும் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சினான். புதுசாகக் கல்யாணமானவன். பெண்டாட்டி செல்லாயிக்கு லயம் பழக்கமில்லை. கொழுந்துக் கூடையோடு திரும்பி வந்தவள், பக்கத்துக் காம்பராவுக்குள் போய் அவர்கள் அடுப்பில் உலையை ஏற்றி, அவர்கள் அரிசியைப் போட்டு வடித்தும் வைத்துவிட்டாள். லயமே சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பெண் வேலை நேரம் போகத் தண்ணீருக்குக்கூட வெளியே வருவதில்லை.

எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கவேண்டும் என்று கணக்கப்பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்தப் பெண்ணை நினைத்து நீலத்தைக் கூட்டி அடித்தேன். அடுத்த வீட்டுக்காரி பார்த்துவிட்டு, எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்றாள். அதற்கு அடுத்தவளும் கேட்டாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க நீலம். குதிரையில் வந்த துரை லயத்தை வெகுநேரம் பார்த்தார். கணக்கப்பிள்ளைக்கு வேர்த்தது. சவரிமுத்து வாளியைக் கழுவி ஓடுவதற்குத் தயாராக வைத்திருந்தான். இந்த நிறத்துக்குக் கொசு வராதா என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். வரவே வராதுங்க என்றார் கணக்கப்பிள்ளை. துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்கு உயிர் திரும்பியது. ஆனால் செல்லாயிக்குப் பழைய குழப்பம் அப்படியே இருக்கிறதே, என்ன லாபம் என்று கருப்பையாவிடம் கேட்டேன். அவன் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை.

“இப்ப வீடு தெரியாட்டியும் லயம் தெரியுதுங்க. அதுவரைக்கும் வந்துட்டாள்னா போதும், என் இருமல் சத்தத்த வச்சு உள்ள வந்துருவா.”

கரி ஜன்னல்

சில லயங்களில் முதுகுக்கு முதுகு ஒட்டினாற்போல இரண்டு வரிசை கட்டியிருப்பார்கள். பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. அப்படி ஒரு காம்பராவில் பின்சுவரைப் பார்த்து மட்டையை இறக்கிவிட்டேன். கரியால் ஒரு பெரிய ஜன்னல் வரைந்திருந்தது. கம்பி, கொண்டி எல்லாம் உண்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தேய்த்த வயல், அதில் ஒரு கொக்கு. வரைந்தவள் அந்த வீட்டு அன்னக்கிளி. இதன்மேல் எப்படியம்மா அடிப்பது, இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“அடிங்க, அடிங்க. ஒரு வருசமா அதே வயலப் பாத்துச் சலிச்சுப்போச்சு. இந்த வாட்டி கடல வரையப்போறேன்.”

ரயிலுக்காக ஒரு கடை

தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பதுளைக் கடைத்தெருவில் ஒரே சொந்தக்காரர் கட்டிய கடை வரிசை ஒன்று இருந்தது. ஒரே தூண், ஒரே பலகைக் கதவு. அதில் காசிம் நானா (முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்) துணிக்கடை வைத்திருந்தார். மற்றக் கடைக்காரர்கள் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வெள்ளையடிப்பார்கள். நானா மட்டும் ரயில் வரப்போகிறது என்று யாராவது சொன்னால் உடனே எனக்கு ஆள் அனுப்புவார். பதுளையில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. நிலம் அளக்க ஆள் வந்தான் என்பார்கள், நான் அடிப்பேன். வேலை நின்றுவிட்டது என்பார்கள், அதற்குள் சுவர் காய்ந்திருக்கும். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சுகூடச் செய்து போட்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் அதில் பகல் தூக்கம் போடுவார்.

ஒரு தடவை எனக்கே மனசு கேட்கவில்லை. இத்தனை தரம் ஏமாந்தும் எதற்காக நானா, ரயில் வந்த பிறகு அடித்தால் ஆகாதா என்று கேட்டேன். தமாஷாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“மாப்புள வாற அண்டைக்கா பொண்ணுட வாப்பா ஊட்டுக்கு வெள்ளை அடிக்கிற?”

எது நம்ம வீடு?

இது எல்லவுக்குப் பக்கத்தில் நடந்தது. புது லயம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு காம்பரா. நாங்கள் உள்ளே முதல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தோம். சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வருவார்கள். முனியாண்டி, பேச்சி. பழைய லயத்தில் அவனுடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில், நடுவே சாக்குத் திரை கட்டிக்கொண்டு இருந்தார்கள். பேச்சிக்கு அது மாசமான நேரம். புது லயத்தில் உங்களுக்கு ஒரு காம்பரா உண்டு என்று கங்காணி சொல்லியிருந்தார்.

எது என்று சொல்லவில்லை. அதனால் பேச்சி ஒவ்வொன்றுக்குள்ளும் போவாள். கையால் முழம் போட்டு அளந்து, அடுப்பு இங்கே, பானை இங்கே, தொட்டில் கட்ட இந்த விட்டம் என்று புருஷனுக்குக் காட்டுவாள். அவன் பன்னிரண்டு இடத்திலும் சலிக்காமல் ஆமாம் போடுவான். ஒரு நாள் மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால், தரையில் நாங்கள் சிந்திய சுண்ணாம்பெல்லாம் சுரண்டி, எல்லாக் காம்பராவும் பெருக்கிக் கிடந்தது. அன்றைக்கு அவளுக்கு அரை நாள் வேலைதானாம். எது கிடைக்கும் என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை என்றாள். சவரிமுத்து அதற்குப் பிறகு சிந்தாமல் அடிக்கப் பழகிக்கொண்டான்.

கடைசிப் பூச்சு முடிந்த அன்று அக்கரையிலிருந்து ஒரு புதுக் கூட்டம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு காம்பராவும் அவர்களுக்கே போய்விட்டது. முனியாண்டி கங்காணியிடம் போய்க் கேட்டான். மேலிடத்து உத்தரவு, அடுத்த லயத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அவன் வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். எங்களாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாளியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

போகும்போது லயத்து வாசலில் பேச்சி நின்றாள். புதுசாக வந்த ஒருத்தி, நடந்து வந்த களைப்பில் மூட்டையோடு திகைத்து நின்றுகொண்டிருந்தாள். பேச்சி அவளை உள்ளே கூட்டிப்போய், இந்த மூலையில் அடுப்பு வைத்தால் புகை கண்ணைக் கரிக்காது என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். கண் சிவந்துதான் இருந்தது. உனக்கு வயிறு எரியவில்லையா என்று கேட்டுவிட்டேன். எரியுது என்று உண்மையைச் சொன்னாள். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“அடுத்த லயத்தயும் இதே அளவுக்குத்தானே கட்டுவாங்க. நான் பாத்து வச்ச எடமெல்லாம் அங்கயும் அப்படியே இருக்கும்ல?”

சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஜனங்களின் ஆசை மட்டும் உரியாமல் இருக்க அதில் எந்தச் சரக்கைக் கலந்திருக்கிறார்கள் என்பதுதான் இத்தனை சுவர் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.