ஆணத்துக்குள்ள வெந்த ஆறு பின்

என்ட மாப்பிள்ள பஸ்லான் ஏறாவூர்ல லேத் போட்டிரிக்கார். இரும்போட பேசுவார், பொஞ்சாதியோட பேசமாட்டார். ஒரு வேலை செய்யப்போறன் எண்டு முன்கூட்டிச் சொல்லுற பழக்கமே இல்ல. அந்தக் குணம்தான் அண்டைக்கு எங்கள ஓட வச்சிது.

கரடியனாறு கேதீஸ்வரி அக்கா காலைலயே வந்திட்டா. மடியில நெல்லு வெட்டுற மெசின்ட இரும்புத் தட்டு. அதுல அடிச்சு இறுக்கின ஆறு பின்னும் தேஞ்சு ஆடுது. மெசின் அவட வயல் வட்டைக்கு நடுவில நிக்கிது, மூணு ஏக்கர் விளைஞ்ச நெல்லு, வானம் வேற கறுத்திட்டு.

"பின்னேரத்துக்குள்ள வெட்டாட்டி எல்லாம் சாஞ்சு போகும் தங்கச்சி" எண்டு சொல்லிக்கொண்டே தட்டை இவர்ட கையில வச்சா. எனக்கும் மனசு கேக்கல்ல.

இவர் தேஞ்ச துளையளச் சீராக்கி, மயிரளவு மொத்தமா ஆறு புதுப் பின் கடைஞ்சார். தட்டச் சூடாக்கினா துளை விரியும், பின்னைக் குளிர வச்சா சுருங்கும். அப்பிடியே இறக்கினா, ஆறினதும் இறுக்கிப் பிடிக்கும். இதெல்லாம் எனக்குப் பொறகுதான் தெரியும். இவர் பின்னப் பையில கட்டி, பிரீசருக்குள்ள என்ட இறால் பைக்குப் பக்கத்துல வச்சிட்டு, வாயத் தொறக்காமப் போயிட்டார்.

பக்கத்து வளவு மதினி றஸீனா இறால் கேட்டு வந்தா. கைக்கு வந்த பைய எடுத்துக் குடுத்தன்.

தட்டு அடுப்புல காய்ஞ்சதும் இவர் ஓடிவந்து பையப் பிரிச்சார். கையுறையோட ஒரு இறாலத் தூக்கிப் பாத்தார், மறுகா என்னப் பாத்தார்.

"மதினிக்கிட்ட இரிக்கும்" எண்டன்.

மூணு பேரும் ஓடினம். பின் ஆறும் சட்டியில, இறால் ஆணக் குழம்புக்குள்ள கொதிக்கிது. "பைய அப்பிடியே கவிட்டன், இறால் இன்னும் கல்லாத்தான் இரிக்கி, கொஞ்சம் வேகட்டும்" எண்டா றஸீனா.

கழுவி எடுத்தா ஒண்டும் துளைக்குள்ள இறங்குதில்ல. சூட்டுல அதுகளும் பருத்திட்டு. அக்கா வாசல்ல அப்பிடியே குந்திட்டா.

அந்த நேரம் ரோட்டுல மீன்காரன்ட ஹோர்ன் கேட்டிச்சு. குறுக்க நிண்டு, அவன்ட பெட்டி ஐஸ் முழுக்க பேசினுக்குள்ள கொட்டினன். "மீன் பழுதாகிடும் ராத்தா" எண்டு அவன் பின்னால கத்திக்கொண்டு வாறான். பின்னுகளப் போட்டு, ஐஸ் இன்னும் குளிரட்டும் எண்டு உப்பும் அள்ளிப் போட்டன். இவர் தட்டத் திரும்பச் சூடாக்கி, பொறுமையா ஒவ்வொண்டா இறக்கினார். ஆறும் மறுப்பில்லாம இறங்கிச்சு. தட்டு ஆறினதும் அக்கா அத வாங்கிக்கொண்டு ஓட்டோவுல ஏறிட்டா.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு இங்க மழை கொட்டிச்சு. நான் போனையே பாத்துக்கொண்டிருந்தன். பொழுதுபட, மஃரிபுக்குக் கிட்டவா அக்கா எடுத்தா.

"கடைசி மூடை ஏத்தக்குள்ளதான் தூறிச்சு தங்கச்சி. நெல்லு முழுக்க வீட்டுக்குள்ள. இடமில்லாம நாங்கதான் வெளியில நனையிறம்."