ஹார்லன் ஸ்ட்ரிக்லண்ட் காலை நீட்டிய ஞாயிறு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருந்தாலும் தெற்கு ஜார்ஜியாவில் எங்கள் வட்டாரத்தில் ஒரு செங்கல் புகைபோக்கி சாயாமல் நின்றால், ரூஃபஸ் ஹாம்ப்ரிக் கட்டியதா என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் ஆமாம்தான். என்னிடம் கூலி வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. இதை முதலிலேயே சொல்லாவிட்டால், ஏதோ ஏழைக் கறுப்பன்மேல் ஒரு வெள்ளைக்காரன் இரக்கப்பட்ட கதை என்று நினைத்துவிடுவீர்கள். அது இல்லை இது.

ஹார்லன் வெள்ளைக்காரர், நிலக்கடலை விவசாயி, சபையில் மூப்பருக்கு அடுத்த பொறுப்பான டீக்கன். அவர் சபைக்கும் என் சபைக்கும் ஒரே பெயர், சைப்ரஸ் ஓடை சபை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அடிமைக் காலத்தில் ஒரே கூரைதான். எங்கள் ஆட்கள் சுவரோரம் நிற்பார்கள். விடுதலை வந்ததும், இனி உட்காரலாமா என்று கேட்டார்கள். ஹார்லனின் கொள்ளுத்தாத்தா வாசலைக் காட்டினார். அன்றிலிருந்து ஒரே வேதம், ஒரே பாட்டு, இரண்டு கூரை.

ஹார்லனுக்கு இது உறைத்தது என்னால்தான். அவர் வீட்டுப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோது தன் அப்பா உழைத்து நிலம் சேர்த்த பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏணியில் நின்றபடியே சொன்னேன்: "உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே போர்லேர்ந்து திரும்பினவங்க. ஒரே சர்க்கார் ஆபீஸ்ல நிலம் வாங்கக் கடன் கேட்டாங்க. உங்கப்பாவுக்கு நிலம் கெடச்சுது. எங்கப்பாவுக்கு 'நாளைக்கு வா'தான் கெடச்சுது."

அவர் அடுத்த வாரம் நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ்டர் ஹாம்ப்ரிக்..."

அதுவரை நான் வெறும் ரூஃபஸ். "என்ன ஹார்லன், கூலியக் கொறைக்கணுமா?" என்றேன்.

"இல்லீங்க. எல்லாம் எங்கப்பாவோட கெட்டிக்காரத்தனம்னு இத்தன வருசம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். உங்கப்பாவும் கெட்டிக்காரர்தானே. அது ராத்தூக்கத்தக் கெடுக்குது. வர்ற வருசாந்தரக் கூட்டத்துக்கு உங்க சபை முழுசா எங்க ஆலயத்துக்கு வரணும். ரெண்டும் மறுபடி ஐக்கியமாகணும்."

"உங்காளுங்க ஒத்துக்குவாங்களா?"

"பாதிப் பேர் எங்கூடப் பேசறத நிறுத்திட்டாங்க."

"மீதிப் பாதி?"

"பேசறாங்க. அதத்தான் தாங்க முடியல."

வருசாந்தரக் கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை, அவர்கள் சபைக் கூட்டத்தில் அவருடைய சித்தப்பா மகன் க்ளைட் எழுந்து, ஹார்லனை டீக்கன் பதவியிலிருந்து இறக்கச் சொன்னான். அவர்கள் போதகர் மூப்பர் டௌலிங் தாடியைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நாளைக்குக் கால் கழுவுறப்போ சபைக்கு ஒருத்தரா ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் கழுவி முடிச்சா, ஐக்கியம். அரைகுறையா நின்னா, இந்தப் பேச்ச இனி எடுக்கவே கூடாது. ஹார்லனும் எறங்கிடணும்."

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக இரண்டு சபையிலும் உள்ள வழக்கம் இது. அப்பமும் திராட்சரசமும் முடிந்ததும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பேசின்களோடு உட்காருவோம். ஒருவன் துண்டை இடுப்பில் கட்டி மண்டியிட்டு அடுத்தவன் காலைக் கழுவுவான். பிறகு துண்டு கைமாறும். கழுவியவன் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும்.

ஞாயிறன்று ஹார்லன் நேராக என்னிடம் வந்தார். சிமெண்ட் தின்ற என் காலை விரல் விரலாகக் கழுவினார். அழுதுகொண்டே துடைத்தார். துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். எல்லாம் சரி. அதன்பின் உட்காராமல், ஷூ போட்ட காலோடு தன் இடத்துக்கு நடந்தார்.

நான் துண்டோடு நின்றேன்.

"பிரதர் ஹார்லன், ஷூவக் கழட்டுங்க."

"வேணாம் பிரதர் ரூஃபஸ். உங்க கொள்ளுத்தாத்தா எங்க கொள்ளுத்தாத்தா காலக் கழுவினது போதும். நான் கழுவினதோட இருக்கட்டும்."

க்ளைட் சிரித்தான். "பாத்தீங்களா மூப்பரே, அவனுக்கே கூசுது. முடிஞ்சுது கத."

டௌலிங் எழுவதற்குக் கையை ஊன்றினார். அவர் எழுந்தால் எல்லாம் போயிற்று. நான் குரலை உயர்த்தினேன். சாரத்தின் உச்சியிலிருந்து கீழே ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"எங்க கொள்ளுத்தாத்தா கழுவினது உத்தரவுக்கு. எனக்கு உத்தரவு போட இந்த ஊர்ல எவன் இருக்கான்? என் பொண்டாட்டி ஒருத்திதான். அவ அந்தா உக்காந்திருக்கா. குடுக்கறது எப்பவும் நீங்க, வாங்கிக்கறது எப்பவும் நாங்களா? எங்க நிக்கணும்னு அன்னைக்கும் உங்க வீட்லதான் முடிவு பண்ணாங்க. இன்னைக்கும் நீங்களேதான் முடிவு பண்ணுவீங்களா? சீடன் பேதுருவுந்தான் காலை இழுத்துக்கிட்டான். ஆண்டவர் விட்டாரா?"

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி ஓஸெல்லா: "நீட்டிருங்க பிரதர். கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுசங்கிட்ட நான் ஒரு சண்டகூட ஜெயிச்சதில்ல."

இரண்டு சபைப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த ஆலயத்தில் இரண்டு சபையும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

ஹார்லன் திரும்பி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஷூ நாடாவை நானே அவிழ்த்தேன். மண்டியிடும்போது என் முட்டி இரண்டும் சத்தம் போட்டன. எத்தனையோ உயரத்தில் நின்று செங்கல் அடுக்கியிருக்கிறேன். அன்றைக்கு இருந்த கர்வம் எந்த உயரத்திலும் எனக்கு வந்ததில்லை. வேண்டுமென்றே நிதானமாகக் கழுவினேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

துடைத்து எழுந்தேன். அவர் என்னை அப்படியே கட்டிக்கொண்டார்.

"மூப்பரே, முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது" என்றார் டௌலிங். "ஐக்கியம்!"

க்ளைட் சில குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினான். போகட்டும், கூட்டத்துக்குப் பிறகு நடந்த மரத்தடி விருந்தில் பொரித்த கோழி எங்களுக்குக் கூடுதலாக மிஞ்சியது. உள்ளே ஓஸெல்லா பாட்டை எடுத்தாள். எங்களுக்கு வாத்தியம் கிடையாது, தொண்டைதான். ஓடையின் இரண்டு கரையும் ஒரே சுருதியில் சேர்ந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹார்லன் ஷூவை மறந்து, ஈரக் காலோடு வரிசை வரிசையாகப் போய் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்.

இன்றைக்கும் அவர் டீக்கன்தான். இப்போது இரண்டு சபைக்கும்.