கலாமணி டீச்சர் அப்படிச் சொல்லவில்லை

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் மகள் செல்வி, மகன் வயிற்றுப் பேத்தியான, அப்போது பத்தாவது படித்த தேன்மொழி, செல்வியின் மாமனாரான என் அண்ணன் ராமசாமி, கலாமணி டீச்சர். வேறு யாரும் இல்லை. இவர்களில் டீச்சர் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். கல்லூரியில் இருந்த தேன்மொழி போனில் கேட்டு அழுதாள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அவர் பேரில் ஒரு பொய் இருக்கிறது. அது தீராமலே போய்விட்டாரே! அவரிடம் படித்தவர்களே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். நான் மூன்றாவதோடு நின்றவள். தேன்மொழி எழுதித் தருகிறாள்.

டீச்சர் எங்கள் தெருக்காரர். தேன்மொழிக்கு நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணிக் கணக்கு வரவே வராது. டீச்சர் வாசல் சிமெண்டில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுப்பார். அம்மாவிடமிருந்து ஓர் எழுத்து, அப்பாவிடமிருந்து ஓர் எழுத்து. இரண்டும் சின்ன எழுத்தாக விழுந்தால் குட்டை.

"பட்டாணிக்குப் போயி கல்யாணம் பண்ணி வெக்கறீங்களே டீச்சரம்மா, மனுசனுக்குப் பண்ணுங்களேன்" என்றேன்.

"மனுசன் சண்டைக்கு வருவானுங்கம்மா, பட்டாணி வராதுங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

அப்போது செல்வி இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். மூத்தவன் முகிலனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளை என் அண்ணன் மகனுக்கே கொடுத்திருந்தோம். புருசன் பெண்டாட்டி இருவரிடமும் அந்தச் சின்ன எழுத்து மறைந்திருந்து பிள்ளையிடம் ஒன்று சேர்ந்திருக்கிறது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். செல்வி அதைச் சொன்னதும் டீச்சர் பட்டாணியை அழித்துவிட்டு அதையே கட்டத்தில் எழுதிக் காட்டினார். நாலில் ஒரு கட்டம் காது கேட்காதது.

அண்ணன் குனிந்து பார்த்தார். "அட, அந்த ஒண்ணுதான் முடிஞ்சு போச்சே! மிச்சம் மூணும் பழுதில்ல. அம்மிணி, கவலைய உட்டுப்போட்டு ஆக வேண்டியதப் பாரு."

"இல்லீங்க!" டீச்சர் எழுந்தே விட்டார். "இது நாலு புள்ளைங்க இல்லீங்க. ஒரே புள்ளைக்கு இருக்கற நாலு வழி. அடுத்ததுக்கு மறுபடியும் முதல்ல இருந்து கட்டம் போடோணும். மூத்தவனுக்கு வந்துருச்சுன்னு இதுக்கு வராம இருக்காதுங்க. பொறந்ததும் காதைச் சோதிச்சுப் பாத்துருங்க."

"மூணு நல்லதுன்னு நீங்கதானுங்க எழுதியிருக்கறீங்க" என்றார் அண்ணன்.

"தாத்தா, பரீச்சைல இப்படி எழுதுனா சைபர்தான்" என்றாள் தேன்மொழி.

பெண் பிறந்தது. சோதிக்க அண்ணன் விடவில்லை. மருமகனும் அப்பனை மீறவில்லை. இன்று பேசும், நாளை பேசும் என்று காத்தே காலம் போயிற்று; அவளுக்கும் காது கேட்காது என்று பிறகுதான் தெரிந்தது. காதுக்கு மிஷின் வைத்துப் பேச்சுப் பழக்கியிருக்க வேண்டிய காலத்தை வீணடித்தீர்களே என்று டாக்டர் திட்டினார். அண்ணன் நேராகப் பள்ளிக்கூடம் போனார். "இந்தம்மா மூணும் நல்லாருக்கும்னு சொன்னதை நம்பித்தான் சும்மா இருந்தோம்" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினார். ஊர் நம்பியது. டியூஷனுக்கு அனுப்பியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

நான் அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"மூணாவது படிச்சவளுக்கு என்ன கணக்குத் தெரியும்? கோளாறு உன்ற மக ரத்தத்துல" என்றார்.

"உங்களையும் என்னையும் பெத்தது ஒருத்திதானுங்ண்ணா. என்ற ரத்தம்னா அது உங்குளுது இல்லீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டீச்சர் அந்தக் கணக்கை விடவில்லை. அடுத்த வருசத்திலிருந்து கட்டம் போடும் முன்பே, "இது எண்ணிக்கை இல்ல சாமிகளா, ஒவ்வொரு தடவையும் புதுசு" என்பாராம். என்னிடம் ஒரே ஒரு முறைதான் குறைப்பட்டார்: "நான் அப்படிச் சொல்லலைன்னு உங்க அண்ணன் தெருவுல ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்கம்மா." அதற்காக எத்தனையோ முறை அண்ணனிடம் நடந்தேன்.

இழவு வீட்டுக்கு அண்ணன் ரோஜா மாலையோடு வந்தார். "தங்கமான டீச்சர்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. நான் மாலையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த ஒரு வார்த்தையச் சொல்லீட்டுப் போடுங்ண்ணா."

"எழவு ஊட்ல என்ன பேச்சு, உடு அம்மிணி" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போட்டார்.

போன வருசம் செல்விக்கு மூன்றாவது பிறந்தபோது, அண்ணன் முறைக்க முறைக்க, ஆஸ்பத்திரியிலேயே காதைச் சோதிக்க வைத்தேன். டீச்சர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அதுதான். பிள்ளைகளுக்குக் காது கேட்காததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. வாய் திறக்காத மருமகனைக்கூட மன்னித்துவிட்டேன். மன்னிக்காத ஆள் ஒருவர்தான்: என் கூடப்பிறந்த அண்ணன் ராமசாமி.