வரவேற்பு பேனரில் என் முகம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதக் காலை. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குப் போக பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைக் கடப்பதற்காக நின்றேன். எதிரே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் நானே கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன்.

நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு அந்தப் பெரிய மனிதரின் சிரித்த முகம், தலைக்குப் பின்னால் சாமிக்குப் போடுவதுபோல ஒளிவட்டம். "சோதனையை வென்று வரும் எங்கள் குலவிளக்கே, வருக வருக" என்று கொட்டை எழுத்தில் வாசகம். கீழே சின்னச் சின்ன வட்டங்களில் வரவேற்பவர்களின் முகங்கள். இரண்டாவது வரிசையில் மஞ்சள் புடவையில் நான், பக்கத்து வட்டத்தில் என் வீட்டுக்காரர். அந்த மனிதர் எங்களை ஏமாற்றியவர். நானும் கையெழுத்துப் போட்ட புகாரில்தான் அவர் ஜெயிலுக்குப் போயிருந்தார். அன்று சாயங்காலம் ஜாமீனில் வெளியே வருகிறார்.

அவர் பெயர் வேண்டாம். அந்தப் பெயரை வைத்து அவர் ஏற்கெனவே நிறையச் சம்பாதித்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை கேபிளில் ஓடும் ஒரு டிவி சேனலுக்குச் சொந்தக்காரர். கல்யாண மண்டபமும் உண்டு. பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எந்தப் படத்தை அனுப்பினாலும் பாட்டோடு சேர்த்துக் காட்டுவார்கள், காசு வாங்க மாட்டார்கள். எங்கள் பெண்ணின் காதுகுத்துப் படம் வந்த அன்று பாதித் தெரு எங்கள் வீட்டு டிவி முன்னால்தான் இருந்தது. அதனால் சாயங்காலங்களில் அவரே வெள்ளைச் சட்டையில் திரைக்கு வந்து, ஒலக்கூர் பக்கம் வீட்டுமனை வாங்குங்கள் என்று சொன்னபோது, சொந்தக்காரர் வந்து சொல்வதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் தன்னுடைய லோடு ஆட்டோவை விற்றார். வாடகை வீட்டில் தண்ணீர் பிடிப்பதற்கே வீட்டுக்கார அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, சொந்தமாக ஒரு குழாய் வேண்டும் என்ற ஆசை வேறு. அக்ரிமென்ட் போட்டார்கள். அப்ரூவல் வந்ததும் பத்திரம் என்றார்கள். மனை வாங்கிய எல்லோரையும் நாளுக்கு ஒரு கூட்டமாக மண்டபத்துக்கு அழைத்து, இலைபோட்டுச் சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்தார்கள். கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டோம்.

அப்புறம் வைகாசியில் வாஸ்து நாள் வந்தது. பூமி பூஜைக்கு அந்த நாளை விட்டுவிடாதீர்கள் என்று அவர் சேனலில் காலையில் வரும் ஜோசியர் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் செங்கல், மஞ்சள், தேங்காய், பூசணிக்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு நல்ல நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்கினோம். எங்கள் மனையில் கெடார் பக்கத்து விவசாயி ஒருவர் குடும்பத்தோடு கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பாவம், இடம் மாறி வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். என்னைப் பார்த்து அவரும் அதையேதான் நினைத்தாராம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டோவில் மேல்சித்தாமூரைச் சேர்ந்த ஜைன வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் சந்தனத் தட்டோடு வந்து இறங்கினார்கள். மூன்று அக்ரிமென்ட்டிலும் ஒரே மனை எண். ஒரே மண்ணை மூன்று பேருக்கு விற்றது அந்தப் பெரிய மனிதர், மூன்று பேரையும் ஒரே நேரத்தில் அங்கே வரவைத்தது அவருடைய ஜோசியர். என் வீட்டுக்காரர் அங்கேயே சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மூன்று குடும்பமும் சேர்ந்து விழுப்புரம் போய்ப் புகார் கொடுத்தோம். விசாரித்தார்கள், ஆவணியில் கைது செய்தார்கள். கைது என்றதும் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அது என்னவோ, இந்த மாதிரி ஆட்களுக்கு மட்டும் போலீஸைக் கண்டால்தான் நெஞ்சு இருப்பதே தெரிகிறது.

ஊர் கொதிக்கும் என்று நினைத்தேன். கொதிக்கத்தான் செய்தது, எங்கள் மேல். புடவை பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, என் எதிரிலேயே ஒரு வாடிக்கையாளர், அவ்வளவு பெரிய மனிதர் இவர்களிடம் பிடுங்கியா பிழைக்க வேண்டும் என்றார். கடையில் என்னோடு வேலை செய்கிற பெண், அவர் நல்லவர்தான், எங்கள் பையன் பிறந்தநாளைக்கூட டிவியில் போட்டார் என்றாள். கடைக்கு வெளியே பூ விற்கும் அக்கா எனக்கு வேண்டியவள். அவளே, பெரிய இடத்தோடு மோதினால் பேஜாராகிவிடும், பேசாமல் இரு என்று பல தடவை சொல்லிவிட்டாள். அவர் சேனலிலோ, பொறாமைக்காரர்களின் சதி என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவளைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊரை என்னவென்று சொல்வது?

இந்த நிலையில்தான் அந்த பேனர். பேனரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போன் வந்தது. கெடார் அண்ணன், அந்த விவசாயி. மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் விழுப்புரம் கோர்ட்டில் வாக்குமூலம் தர வேண்டிய நாள். ஒருவர் பின்வாங்கினாலும் எங்கள் பக்கம் பலம் குறைந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்தப் பெரிய மனிதரின் ஆட்களோ வீடு வீடாகப் போய், மற்ற இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏன் அலைகிறீர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இதுவரை யாரும் அதை நம்பவில்லை. இப்போது யாரோ பேனரைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள்.

"உன் மூஞ்சிய பாத்துட்டேம்மா. ஒண்ணும் சொல்ல வாணாம். மல்லாட்ட புடுங்குற வேல கெடக்குது, நாளைக்கி நான் வர்ல" என்று நிலக்கடலை அறுவடையைச் சாக்காகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நேராக பேனர் அடித்த பிளக்ஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டபத்தில் எடுத்த படங்களில் சிலவற்றை வைத்து அந்தப் பெரிய மனிதரின் பிறந்தநாளுக்கு ஒரு பேனர் அடித்திருக்கிறார்கள். இப்போது அவசரமாகக் கேட்டதும் அதே பேனரில் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஊர்களில் பேனர் வேலை இப்படித்தான். ஒருமுறை உங்கள் முகம் பிளக்ஸ் கடை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் போதும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும், எந்த ஊர்த் திருவிழாவுக்கும், யாருடைய கண்ணீர் அஞ்சலிக்கும் நீங்கள் வந்து நிற்பீர்கள். கேட்கிற வழக்கமே கிடையாது. எடுத்துவிடுங்கள் என்றேன். பார்ட்டி சொல்லாமல் கைவைக்க முடியாது என்றார்.

பேனருக்கு ஆர்டர் கொடுத்த பார்ட்டி, அந்தப் பெரிய மனிதரின் ரசிகர் மன்றச் செயலாளர். பேனருக்குக் கீழே நின்று சரவெடியைப் பிரித்துப் போட வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைவர் பேனர்ல உங்க மூஞ்சி வந்திருக்குதே, அது உங்க பாக்கியங்க" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் ஒருவேளை அழுதுகொண்டே கடைக்குப் போயிருப்பேன். கடைக்குத்தான் போனேன், ஆனால் மேல் ரேக்கிலிருந்து புடவை இறக்கும் ஏணியையும் துணி வெட்டும் கத்திரிக்கோலையும் எடுக்கப் போனேன். முதலாளி எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். போனில் கூப்பிட்டதும் ஓடிவந்த என் வீட்டுக்காரர், கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பிடித்துக்கொண்டார்.

ஏறி, முதலில் என் முகத்தை வட்டமாக வெட்டினேன். அப்புறம் என் வீட்டுக்காரருடையதை. கீழே கூட்டம் கூடிவிட்டது. செயலாளர் கேஸ் போடுவேன் என்று கத்தினார்.

"போடுங்க. எம் மூஞ்சிய நான் அறுத்துக்கினு போறேன்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் உதவிக்கும் வரவில்லை. இறங்கலாம் என்று காலை எடுத்தபோது பூக்கார அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். "மொத வரிசையில கடைசியா இருக்குது பாரு, அது நான்தான். அதையும் அறுத்துக் குடு" என்றாள்.

நான் அதுவரை மற்ற முகங்களைக் கவனிக்கவே இல்லை. அக்காவும் மனை வாங்கியிருந்தாள். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததைக் கொடுத்திருக்கிறாள். தினமும் எனக்குப் பேசாமல் இரு என்று சொன்னவள், தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏன்க்கா சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்ன பாத்து ஊரு சிரிச்சிக்கினு இருக்குதே, அத பாத்துக்கினு நான் எப்பிடி சொல்லுவேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வட்டங்களில் இருந்தவர்கள் ரசிகர்களே இல்லை. எல்லோரும் எங்களைப் போலவே அந்த மண்டபத்தில் சாப்பிட்டு, போட்டோவுக்குக் கும்பிட்டவர்கள். ஏமாந்தவர்களின் முகங்களை வைத்தே ஏமாற்றியவருக்கு வரவேற்பு வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அக்காவின் முகத்தையும் வெட்டிக் கொடுத்தேன். ஓட்டை விழுந்த பேனரை என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்து கெடார் அண்ணனுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. சாயங்காலம் அந்தப் பெரிய மனிதர் திறந்த ஜீப்பில் வந்தார். கிரேனில் ஆப்பிள் மாலை தூக்கிப் போட்டார்கள். மறுபடியும் அதே கூட்டம், அதே பட்டாசு. அவர் என்னவோ தேர்தலில் ஜெயித்து வந்தவர் மாதிரி எல்லோருக்கும் கையசைத்தார். பேனரில் வெட்டிய இடங்கள் வழியாகப் பின்னால் இருந்த செல்போன் கடைச் சுவர் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை நானும் பூக்கார அக்காவும் விழுப்புரம் போனோம். கோர்ட்டு வாசலில் வாத்தியார் சார் முன்னாலேயே வந்திருந்தார். ஜைனர், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார் என்பதால், நேரமானாலும் ஆகட்டும் என்று கையில் சாப்பாட்டு டப்பா. கெடார் அண்ணனைக் காணோம். கூப்பிடும் நேரம் நெருங்க நெருங்க நான் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். விரல் நகமெல்லாம் செம்மண். என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார், உள்ளே வேகவைத்த மல்லாட்டை, இன்னும் சூடாக இருந்தது.

"ஆள வெச்சி நேத்தே புடுங்கிட்டம்மா. வா, உள்ள போலாம்" என்றார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மனையில் முள்செடிதான் வளர்ந்திருக்கிறது. அவர் இப்போதும் தினமும் வெள்ளைச் சட்டையில் டிவியில் வந்து எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார். அன்று பட்டாசு வெடித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் ஏதாவது ஒரு பேனரில் கைகூப்பி நிற்கும் முகங்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் அவசரப்பட்டு அவர்களைத் திட்டுவதில்லை. அதில் எத்தனை பேர் வெளியே சொல்ல முடியாமல் நிற்கிறார்களோ என்றுதான் தோன்றுகிறது.